பூனையைப் பார்த்துக்கொண்டால் ஓவியம்... ஒரு போஸ்ட் ஆபீஸ் ஊழியரின் கலைச் சேமிப்பு!

1970-களின் தொடக்கம். நியூயார்க்கில் வாழ்ந்த கிறிஸ்டோ - ழான் க்ளோட் கலைஞர் தம்பதிக்கு ஒரு சிக்கல். கொலராடோவில் இரண்டு மலைகளுக்கு நடுவே ராட்சத ஆரஞ்சுத் திரை கட்டும் வேலை காத்திருந்தது. கிளம்பிப் போய்விட்டால் வீட்டில் இருக்கும் பூனை கிளாடிஸை யார் பார்த்துக்கொள்வது?

அவர்களுக்கு ஞாபகம் வந்தவர்கள் ஹெர்பர்ட் - டோரதி வோகல் தம்பதி. கிறிஸ்டோவின் படைப்பு ஒன்றை வாங்க ஆசைப்பட்டு, விலை கட்டுப்படியாகாமல் திரும்பியவர்கள். பூனையைப் பார்த்துக்கொண்டால், அந்தத் திரைக்காகச் செய்த படைப்பு ஒன்று கூலி. ஒப்பந்தம் முடிந்தது!

ஹெர்பர்ட் பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காதவர். போஸ்ட் ஆபீஸில் தபால்களைப் பிரித்து அடுக்கும் வேலை. டோரதி, புரூக்ளின் பொது நூலகத்தில் நூலகர். 1962-ல் கல்யாணம். இருவரும் முதலில் ஓவியம் வரையத்தான் கற்றுக்கொண்டார்கள். தங்கள் படங்களைவிட மற்றவர்களின் படங்கள் நன்றாக இருக்கின்றன என்று தோன்றியதும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்கள். எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்?

டோரதியின் சம்பளத்தில் குடும்பம் நடந்தது. ஹெர்பர்ட்டின் சம்பளம் முழுக்க ஓவியங்களுக்கு. விலை கைக்கு அடங்க வேண்டும், படைப்பு அவர்களின் ஒரு பெட்ரூம் வீட்டுக்குள் அடங்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

பெரும்பாலும் கலைஞர்களின் ஸ்டூடியோவுக்கே நேரில் போய்விடுவார்கள். இருப்பதையெல்லாம் எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். பிடித்ததைத் தவணையில் வாங்குவார்கள். சால் லெவிட், ரிச்சர்ட் டட்டில் போன்றவர்கள் இப்படி நண்பர்களானவர்கள்தான். லெவிட்டை உலகம் கொண்டாடத் தொடங்குவதற்கு முன்பே, 1960-களின் நடுவில் அவருடைய படைப்பை வாங்கியவர்கள் இவர்கள்.

கஷ்டத்தில் இருக்கும் கலைஞரிடம் குறைந்த விலைக்கு வாங்குவது நியாயமா? கேட்க வேண்டிய கேள்விதான். நாளைக்கு லாபம் பார்க்க வாங்கியிருந்தால் பதில் சங்கடமாக இருந்திருக்கும். ஆனால், வாங்கியதை அவர்கள் விற்கவே இல்லை. அந்தக் கலைஞர்கள் பலர் பிறகு பெரும்புகழ் பெற்றார்கள். சிலவற்றை விற்றிருந்தாலே வோகல் தம்பதி வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவர்களோ அதே வாடகை வீட்டில், பூனைகள், மீன்கள், ஆமைகளோடு இருந்தார்கள். சுவர் நிரம்பியதும் ஓவியங்கள் கட்டிலுக்கு அடியில் போயின.

1990-களின் தொடக்கத்தில் சேகரிப்பை வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்துக்குக் கொடுக்க முடிவெடுத்தார்கள். தேனிலவின்போது இருவரும் சேர்ந்து சுற்றிப் பார்த்த இடம் அது. அனுமதி இலவசம். கொடுத்ததை விற்கவும் மாட்டார்கள். அந்தச் சின்ன வீட்டிலிருந்த பொருள்களை ஏற்ற ஐந்து பெரிய லாரிகள் தேவைப்பட்டன! கலைக்கூடம் அவர்களின் முதுமைச் செலவுக்கென்று ஒரு தொகை தர ஏற்பாடு செய்தது. அதிலும் ஓவியம் வாங்கினார்கள். வீடு மறுபடியும் நிரம்பியது.

சேர்த்தவை மொத்தம் 4,000-க்கும் மேல். 2008-ல் அமெரிக்காவின் 50 மாநிலங்களுக்கும் மாநிலத்துக்கு 50 வீதம் 2,500 படைப்புகளைப் பிரித்துக் கொடுக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது.

2012-ல் ஹெர்பர்ட் இறந்தார். அது இருவரும் சேர்ந்து செய்த வேலை. டோரதி அதன்பிறகு ஓவியம் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்.