அல்பத்தில் ஒரு ஓட்டை

எங்கட வீட்டு அல்பத்தில் ஒரு படம் இருக்கு. கோயில் வீதியில் எடுத்தது. அம்மம்மா, அம்மா, சித்தி, பக்கத்தில் இன்னொரு ஆள். அந்த ஆளுக்கு முகம் இல்லை. கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி எடுத்திருக்கு. சின்ன வயதில் நாங்கள் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு விளையாடியிருக்கிறோம். ஆர் இது என்று கேட்டால், "பழைய படம், கறையான் அரிச்சிட்டுது" என்று அம்மா சொல்லுவா. கறையான் இவ்வளவு வட்டமாக அரிக்காது என்று எங்களுக்கு அப்பவே தெரியும். ஆனாலும் கேட்பதை விட்டுவிட்டோம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்ததை வளாகத்தில் படிக்கிறோம். நாவற்குழிப் பாலம், தென்மராட்சி எல்லாம் எங்கட குறிப்புக் கொப்பியில் இருக்கு. அடுத்த வருடம் ஊர் திரும்பினவர்கள் வீட்டுக்குள் என்ன செய்தார்கள் என்பது அதில் இல்லை. சோதனைக்குப் பயந்து படங்களை எரித்தார்கள், புதைத்தார்கள், வெட்டினார்கள். இயக்கத்துக்குப் போன பிள்ளையின் படம் ஒன்று போதும், மிச்சமிருக்கும் பிள்ளையையும் பிடித்துக்கொண்டு போக.

அந்த நேரத்து இரகசியம் பொய் இல்லை. அது வீட்டுக்குள் வெட்டின இன்னொரு பங்கர். 2009இல் சண்டை முடிந்த பிறகு மற்றப் பங்கர்களை மூடிவிட்டார்கள். இதை ஒருத்தரும் மூடவில்லை.

அம்மம்மா செத்த பிறகு அவவின்ர கொட்டைப்பெட்டியைத் திறந்தோம். சில்லறைக் காசோடு, பொலித்தீனில் சுற்றின வட்டக் கடதாசி ஒன்று. மீசை அரும்பின முகம். அம்மா அதை வாங்கி வைத்துக்கொண்டு கனநேரம் பேசவில்லை.

"அண்ணா. தொண்ணூறில போனவர். பேந்து வரேல்ல."

எங்களுக்கு ஒரு மாமா இருந்தது அன்றைக்குத்தான் தெரியும்.

"ஏனம்மா சொல்லேல்ல?"

"நீங்கள் சின்னப்பிள்ளையள். பள்ளிக்கூடத்தில வாய்விட்டுச் சொல்லிப்போட்டியள் எண்டா?"

நியாயம்தான். ஆனால் இவ்வளவு காலமும் சொந்தத் தமையனின் பேரை அவ எங்களுக்கு முன்னால் ஒருநாளும் உச்சரிக்கவில்லை. எங்கட போனுகளுக்கும் பூட்டு இருக்கு. ஆரை விரும்புகிறோம், எதற்குப் பயப்படுகிறோம், அம்மாவுக்குத் தெரியாது. அவவும் கேட்பதில்லை. அதை நாகரிகம் என்று நினைத்திருந்தோம். கேளாமல் இருந்து பழகின வீடு இது என்று இப்போதான் விளங்குது.

மாமாவின்ர பேரை இதில் எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்ப வேண்டாம்" என்றா.

முந்தியென்றால் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லியிருப்பா.