சுண்ணாம்பு தடவாத கலயம்

ஆத்தூர் என்றதும் எல்லோருக்கும் வெற்றிலைதான் ஞாபகம் வரும். ஆனால் அங்கிருந்து தெற்கே உடன்குடிப் பக்கம் போய்ப் பாருங்கள், பனைதான் ராஜா!

பாளையைச் சீவிக் கலயம் கட்டுவார்கள். உள்ளே சுண்ணாம்பு தடவினால் இனிப்பான பதநீர். தடவாவிட்டால் ஈஸ்ட் புகுந்து சர்க்கரையைத் தின்னும். சாராயச் சத்தும் கரியமில வாயுவும் உண்டாகும். அதுதான் நுரை பொங்கும் கள்.

பிரான்சு நாட்டு ஷாம்பெய்னிலும் இதே வாயுதான். அங்கே ஒருமுறை புளித்த ஒயினில் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து, புட்டிக்குள் அடைத்து மறுபடி புளிக்க விடுவார்கள். வாயு தப்பிக்க வழியில்லை, அதனால்தான் திறந்ததும் அந்தக் குமிழி. குறைந்தது 15 மாதம் காத்திருக்க வேண்டும். கள்ளுக்கோ அவ்வளவு பொறுமை கிடையாது. ஒரே நாளில் கடுத்துவிடும்.

ஷாம்பெய்ன் என்ற ஊர்ப்பெயரைச் சட்டம் காக்கிறது. ஆத்தூர் வெற்றிலைக்கும் உடன்குடிக் கருப்பட்டிக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளுக்கு? தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. கேரளாவில் கள்ளுக்கடை உண்டு. இங்கே டாஸ்மாக்கில் பிராந்தி உண்டு. பனையேறி மட்டும் சுண்ணாம்பு தடவாமல் கலயம் கட்டினால் குற்றவாளி.

மரமும் ஒன்று, சாறும் ஒன்று. தொழிலுக்கும் வழக்குக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு!