குத்தகைக் கட்லா

சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய். போன இரண்டு கோடையிலும் வற்றாமல் தப்பியது. மீன்பாசி குத்தகை எடுத்தவரிடம் சொல்லிவிட்டு, கடலைப் புண்ணாக்கும் மைதாவும் பிசைந்து தூண்டில் போட்டேன். தக்கை அமுங்கியதுதான் தெரியும்; தூண்டில் நரம்பு விரலை அறுத்துவிட்டது. மல்லுக்கட்டிக் கரையேற்றினால் ஆறேழு கிலோ தேறும் கட்லா. பாதி உடம்பு தலைதான்.

எனக்கு விட்டுவிட மனசு. ஒரு காலத்தில் காவிரியில் பீமேஸ்வரிப் பக்கம் மாசீர் பிடித்த பழக்கம் அது. முள்ளைக் கழற்றி, மீனைத் தண்ணீரிலேயே தாங்கிப் பிடித்து, தெம்பு வந்ததும் விடுவோம். பெரிய மீனுக்கு முட்டை அதிகம், விட்டால் ஆற்றில் மீன் பெருகும் என்பது எங்கள் கணக்கு.

கூட வந்த மாமா சிரித்தார். "மாப்ளே, இது இங்கிட்டு முட்டையே போடாது. யார் ஊத்தாவுக்குப் போக விடுறே?"

அவர் சொன்னது சரிதான். கட்லா கங்கைப் பக்கத்து மீன். மழைக்காலத்து ஆற்று வெள்ளம் பாய்ந்தால்தான் முட்டையிடும். தேங்கிய நீரில் சினை பிடிக்கும், பிறகு உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும். 1957 ஜூலை 10-இல் மீன் ஆராய்ச்சியாளர் ஹீராலால் சௌத்ரி ஒடிசாவில் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியில் ஏற்றிக் கட்லாவின் உறவான கெண்டையை முட்டையிட வைத்தார். அந்த வழி வந்த குஞ்சுதான் ஆக்சிஜன் அடைத்த பையில் இந்தக் கண்மாய்க்கும் வந்திருக்கும். நான் விட்டாலும் கண்மாய் வற்றுகிற வருஷம் மீன்பிடித் திருவிழாவில் ஊரே ஊத்தாக் கூடையோடு இறங்கி அள்ளப்போகிறது.

கட்லாவைவிடக் காவிரிதான் அப்புறம் என்னை உறுத்தியது. நாங்கள் கொஞ்சிக் கொஞ்சி விட்டவற்றில் பல, நீலத்துடுப்பு மாசீர். லோனாவாலா பண்ணையில் பொரித்த குஞ்சுகளின் வழி வந்தது, காவிரிக்கு அயல் மீன். அது பெருகப் பெருக, அந்த ஆற்றுக்கே உரிய திமில் மாசீர் அருகியது. அணையும் வெடிவைப்பும் வேறு. 2018-இல் திமில் மாசீரை அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். எதை விடுகிறோம் என்று பார்க்காமலே, விட்டோம் என்பதில் நிறைந்துபோயிருந்தோம்.

அதற்குள் குத்தகைக்காரர் தராசோடு வந்துவிட்டார். மாமா தலைக்கு மட்டும் தனியாகப் பேரம் பேச ஆரம்பித்தார்.