அம்மாவின் விரலும் ஒரு தேசிக்காயும்

இலண்டனில் தாதியாகப் பணிபுரியும் என் அக்காவின் மகள் கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அழைத்தாள். சுகநலம் விசாரித்து முடிந்ததும், "மாமா, அம்மம்மா நகத்துக்கு என்னமோ வைக்கிறவ எண்டு அம்மா சொன்னவ. அது என்ன?" என்று கேட்டாள். சிறிது நேரத்தில் ஒரு படத்தையும் அனுப்பினாள். நாள்தோறும் எண்ணற்ற தடவைகள் கை கழுவிக் கழுவி, நகங்களைச் சுற்றியிருந்த தோல் வெடித்துச் சிலும்பியிருந்தது. நகங்களின் நுனி ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது.

கேள்வி சிறியதுதான். ஆனால், உடனே பதில் சொல்ல என்னால் இயலவில்லை. "ஆறுதலாக எழுதி அனுப்புகிறன், பிள்ளை" என்றேன். அவளுக்கு எழுதியதையே சற்று விரித்து இங்கே தருகிறேன். வாசகர்களுக்கும் பயன்படக்கூடும்.

1993 ஆம் ஆண்டு. பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் பெற்றபின் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் சேர்ந்திருந்தேன். பொருளாதாரத் தடைக் காலம். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் பொன்னைப் போல விற்றது. சவர்க்காரத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த வீடுகள் பல. அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துகளைக் கையால் தொட்டெடுத்து, மாலையில் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கை மையைத் துடைப்போம். செய்தி ஒப்புநோக்கும்போது நகத்தோலைப் பல்லால் கடித்துப் பிய்ப்பது என்னுடைய பழக்கம். ஒரு நாள் வலது பெருவிரல் நகத்தின் ஓரம் சிவந்து வீங்கி, இரவு முழுவதும் விண்விண் என்று வலித்தது. நகச்சுற்று, ஊர்ப் பேச்சில் நகச்சுத்தி.

அம்மா வளவிலிருந்த தேசிமரத்தில் ஒரு காயைப் பறித்து, தலையைச் சீவி, உள்ளே சிறிது குடைந்து, ஒரு சிட்டிகை மஞ்சளும் உப்பும் இட்டு என் விரலில் தொப்பியைப் போல மாட்டிவிட்டார். மேலே ஒரு சீலைத்துண்டால் கட்டு. முதலில் எரிந்தது, பிறகு குளிர்ந்தது. மூன்றாம் நாள் வீக்கம் வற்றிவிட்டது. அம்மாவுக்கும் ஆண்டில் இரண்டு மூன்று தடவையாவது நகச்சுற்று வரும். கிணற்றடியில் தோய்ப்பது, மீன் அரிவது, சாம்பலால் சட்டி விளக்குவது என்று காலை முதல் இரவு வரை அவரது கை ஈரத்திலேயே இருந்தது. அவருக்கும் அதே தேசிக்காய்தான். ஆகவே, தேசிக்காய் நகச்சுற்றுக்குக் கைகண்ட மருந்து என்பதில் எனக்கு நெடுங்காலம் ஐயம் இருக்கவில்லை.

2004 ஆம் ஆண்டு டிசெம்பரில் நான் கொழும்பில் வேலை செய்துகொண்டிருந்தேன். அப்பா காலமாகிவிட்டார், அக்கா இலண்டனில். அம்மா ஊரில் தனியே இருந்தார். நீரிழிவு அவருக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தது. மறுநாளே கிழக்குக் கரையோரத்துக்குப் புறப்பட்டேன். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பார்த்தவற்றைப் பற்றி வேறு இடங்களில் எழுதியிருக்கிறேன். இடையில் ஒரு நாள் அம்மாவுடன் கதைத்தபோது, "சுட்டுவிரலிலை சின்ன நகச்சுத்தி, தம்பி. தேசிக்காய் வைச்சிருக்கிறன்" என்றார். ஆயிரக்கணக்கான சாவுகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை. "கவனம் அம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

ஜனவரி நடுப்பகுதியில் ஏ9 வீதியால் ஊர் போய்ச் சேர்ந்தேன். அம்மா கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்து படலையைத் திறந்தார். விரலின் நுனி கறுத்திருந்தது. அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனேன். சீழ் எலும்பைத் தொட்டுவிட்டதாகச் சொன்னார்கள். நகத்தோடு சேர்த்து விரலின் முதற்கணுவை எடுக்க வேண்டியதாயிற்று.

சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் ஒரு கேள்வி கேட்டார்: "தேசிக்காயை எவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள்?" "இரவிலைதான் ஐயா. விடியத் தண்ணி அள்ள வேணுமே" என்றார் அம்மா. அந்தப் பதில் என்னை உலுக்கிவிட்டது. 1993 இல் அம்மாவின் விரலில் தேசிக்காய் ஏறினால், அக்கா அடுப்படிக்குப் போவார். நான் தண்ணீர் அள்ளுவேன். இரண்டு மூன்று நாட்களுக்கு அம்மாவின் கை நனையாது. தேசிக்காய் தந்த பெரிய மருந்து அந்த ஓய்வுதான் என்று எனக்கு அன்று பட்டது. 2005 இல் தேசிக்காய் இருந்தது; தண்ணீர் அள்ள ஆள் இருக்கவில்லை. அதற்கு மேல் நீரிழிவு.

அதன் பின்னர் இது பற்றி வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

நகத்தின் அடியில் தோலும் நகமும் ஒட்டுமிடத்தில் மெல்லிய விளிம்பு ஒன்றிருக்கிறது. அழகு நிலையங்களில் அதைக் கியூட்டிக்கிள் என்பார்கள், வெட்டியும் விடுவார்கள். அது வீணான தோல் அன்று. சாளரக் கண்ணாடியைச் சுற்றிப் பூசும் மக்கைப் போல, நீரும் கிருமியும் உள்ளே போகாமல் அடைத்து வைத்திருப்பது அதுவே. அதைக் கடிப்பதும் வெட்டுவதும் பின்னுக்குத் தள்ளுவதும் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். சிலும்பிய தோலைப் பிய்க்காமல், சுத்தமான சிறு கத்தரிக்கோலால் சிலும்பை மட்டும் நறுக்கிவிட வேண்டும்.

நகம் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளர்கிறது. ஒரு நகம் அடியிலிருந்து நுனி வரை முற்றாகப் புதிதாக 6 மாதம் அளவில் வேண்டும். எனவே, ஒரு வாரத்தில் நகத்தைச் சீராக்கும் என்று சொல்லப்படும் எதையும் நம்ப வேண்டியதில்லை. பிளந்த நகத்தை எந்த எண்ணெயும் ஒட்டாது. இருப்பது மேலும் உலர்ந்து உடையாமல் காப்பதே அதனால் ஆவது.

அதற்குத் தேங்காய் எண்ணெயும் போதும், வசலினும் போதும். இரவில் நகத்தின் அடியிலும் ஓரங்களிலும் தேய்த்துப் பருத்திக் கையுறை அணிந்து படுக்கலாம். பகலில் ஒவ்வொரு தடவை கை கழுவியபின்னும் நன்றாக ஒற்றித் துடைத்து, ஏதாவது ஒரு களிம்பைத் தடவ வேண்டும். பாத்திரம் கழுவும்போது பருத்திக் கையுறையின் மேல் இறப்பர்க் கையுறை நல்லது. நகப்பூச்சை அகற்றும் அசற்றோன் நகத்தை உலர்த்தும், அடிக்கடி வேண்டாம்.

தேசிக்காயைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெடித்த தோலில் அதன் புளி எரிச்சலைக் கூட்டும். தேசிச்சாறு பட்ட தோலில் கடும் வெயில் பட்டால் கொப்புளமும் கருந்தழும்பும் வருவதுண்டு. நகத்தோரம் சிவந்து சிறிது வீங்கிய தொடக்கத்தில், இளஞ்சூடான உப்புநீரில் ஒரு கால் மணிநேரம், நாளுக்கு மூன்று நான்கு தடவை விரலை வைத்திருந்து, பின்னர் ஈரம் இல்லாமல் துடைத்துவிடுவது அதைவிட நல்லது. மாதக் கணக்கில் விட்டுவிட்டு வரும் நகச்சுற்றுக்கோ முதல் மருந்து கையை உலர்வாக வைத்திருப்பதே.

சீழ் கட்டினால், சிவப்பு மேலேறினால், காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியம் அத்துடன் முடிந்தது. நீரிழிவு உள்ளவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. வீங்கிய அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும். இந்த ஒரு வரிக்காகவே இவ்வளவையும் எழுதினேன்.

அம்மா 2013 இல் காலமானார். விரல் போனபிறகு எட்டு ஆண்டுகள் இருந்தார். காலையில் மூன்று விரல்களால் திருநீறு பூசும்போது கோடுகளில் ஒன்று மட்டும் எப்போதும் சரிவர விழாது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் குறைப்பட்டதில்லை. நான் அந்தக் கோட்டைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு மருமகள் மீண்டும் அழைத்தாள். "மாமா, எண்ணெய் பூசலாம். ஆனால் வேலையிலை கை நனையாமல் எப்பிடி?" என்றாள். அவளது அம்மம்மாவின் கேள்வியும் அதுதான். நான் சொன்னேன்: "அம்மம்மாவுக்குக் கேட்க இடமிருக்கவில்லை. உனக்கு இருக்கு, பிள்ளை. பணியாளர் நலம் பார்க்கும் பிரிவு ஒன்று உங்கள் வைத்தியசாலையில் இருக்குமே. அவர்களிடம் கையைக் காட்டு. தோல் ஆறும் வரையில் வேறு வேலை தரும்படி கேள்."

கேட்பதாகச் சொல்லியிருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே அழைத்து விசாரிக்க வேண்டும். இந்தத் தடவை "கவனம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடப் போவதில்லை.