வட்டம் வெச்ச எழுத்து

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்கா. 1996, முழுப்பரீட்சை லீவு. ராஜபாளையத்துல பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல ஸ்ரீவில்லிபுத்தூர், அத்தை வீடு. நான் போறது ஆண்டாளைச் சேவிக்க இல்லை, பால்கோவாவுக்கும் இல்லை (சரி, கொஞ்சம் அதுக்கும்தான்). அத்தான்கிட்ட டிவில மாட்டி விளையாடுற வீடியோ கேம் இருந்துச்சு.

அப்ப நம்ம ஊருல கிடைச்ச பெட்டியெல்லாம் பெரும்பாலும் ஜப்பானோட ஃபேமிகாமைப் பார்த்துச் செஞ்ச டூப்ளிகேட். அதனால ஜப்பான் கேசட்டும் அதுல ஓடும். நாம ஆடித் தீர்த்த டேங்க் கேம் ‘பேட்டில் சிட்டி’கூட 1985ல ஜப்பான்ல வந்ததுதான். அதுல படிக்க ஒண்ணுமில்ல, சுட்டாப் போதும். ஆனா அத்தானுக்கு எங்கயோ கிடைச்ச ஃபுட்பால் கேசட் அப்படியில்ல. பந்து கால்ல இருக்கும்போதே ஆட்டம் நின்னு, அடுத்து என்ன செய்யணும்னு ஜப்பான் எழுத்துல கேக்கும்.

அத்தான் அசரலை. ஒரு கோடு போட்ட நோட்டுல ஒவ்வொரு வார்த்தையையும் படம் மாதிரி வரைஞ்சு, அமுக்கிப் பார்த்து, எதிர்ல தமிழ்ல எழுதுச்சு. தலைமாட்டுல குட்டி வட்டம் வெச்ச எழுத்துன்னா பக்கத்து ஆளுக்குக் கொடு. ரெண்டு புள்ளியும் ஒரு கொக்கியும்னா கோல் அடி. கதை புரியாத இடத்துல அதுவே கதை கட்டும். எங்க ஹீரோ தென்காசி டோர்னமெண்டுக்கு வந்த பையன்.

லீவு முடியறப்ப ரிசல்ட். அத்தானுக்கு இங்கிலீஷ்ல ஃபெயில். அன்னிக்கு எனக்கு ஜாய்ஸ்டிக் தரலைங்கிற கடுப்புல, “எப்பப் பாரு அந்த நோட்டுலதான் கிறுக்கிட்டு இருக்கு”ன்னு அத்தைகிட்ட போட்டுக் கொடுத்தது நான்தான். நோட்டு வெந்நீர் அடுப்புக்குப் போச்சு.

நிற்க.

அந்த கேசட் டெக்மோ 1990ல ஜப்பான்ல விட்ட ‘கேப்டன் சுபாசா 2’ன்னு பல வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. முதல் பாகம் ஆளுங்க பேரையெல்லாம் மாத்திக்கிட்டு அமெரிக்கா போச்சு, இது போகலை. ரசிகர்களே இங்கிலீஷ்ல மாத்தி வெச்சிருக்காங்க. ஆடிப் பார்த்தா, ஹீரோ தென்காசில இல்ல, பிரேசில்ல சாவோ பாவ்லோ கிளப்புல இருக்கான்!

இந்த ரசிகர்கள் செய்யற வேலையைப் படிச்சாலே தலை சுத்துது. கேசட்டுக்குள்ள எழுத்தெல்லாம் வெறும் நம்பர். எந்த நம்பருக்கு எந்த எழுத்துன்னு முதல்ல ஒரு அட்டவணை போடணும். ஜப்பான்ல நாலு எழுத்துல முடியறது இங்கிலீஷ்ல நீளும், இடம் பத்தாம புரோகிராமையே நோண்டணும். ‘மதர் 3’ 2006ல ஜப்பான்ல வந்துச்சு. கிளைட் மாண்டெலினும் கூட்டாளிகளும் 2008ல அதுக்கு இங்கிலீஷ் பேட்ச் விட்டாங்க, இலவசமா. 2024ல அதே கேமை நிண்டெண்டோ ஸ்விட்ச்ல விட்டப்பவும் ஜப்பானுக்கு மட்டும்தான்.

அட்டவணைன்னதும் எனக்கு அந்த நோட்டு ஞாபகம். அத்தான் செஞ்சதும் அதானே?

இன்னொண்ணு. அந்த வட்டம் வெச்ச வார்த்தையை எழுத்துக்கூட்டினா ‘பாசு’. கொக்கி வார்த்தை ‘ஷூட்டோ’. நாம பஸ்ஸைத் தமிழ்ல எழுதற மாதிரி, பாஸ், ஷூட்ங்கிற இங்கிலீஷைத்தான் அவங்க எழுத்துல எழுதியிருக்காங்க!

போன பொங்கலுக்கு அத்தான்கிட்ட இதைச் சொன்னேன். இப்ப ராஜபாளையத்துல ஒரு மில்லுல ஃபிட்டர். விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, “அப்ப நான் இங்கிலீஷ்ல பாஸ்தானே மாப்ள?”ன்னு கேட்டுச்சு.

போட்டுக் கொடுத்தது யாருன்னு சொல்ல அன்னிக்கும் வாய் வரலை.

டிஸ்கி: அத்தான், இதைப் படிச்சீங்கன்னா ஒரு கிலோ பால்கோவா என் செலவு.