வேர் சிகிச்சையில் பசைக்கு முன் கழுவல்

வேர் சிகிச்சை என்றால் "நரம்பை எடுத்துவிட்டு அடைப்பது" என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு முன்பு ஓரிடத்தில் அப்படி அடைத்த கடைவாய்ப்பல், மூன்றே ஆண்டில் ஈறு வீங்கி மறுபடி வலித்தது. திரும்பவும் பணம், திரும்பவும் ஊசி. இம்முறை பார்த்த பெண் மருத்துவர் எக்ஸ்ரேயைக் காட்டி, "வேர் நுனிவரை சரியாக அடைபடவில்லை சார்" என்றார். ஓய்வு பெற்றாலும் அறிவியல் வாத்தியார் அல்லவா, விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பல்லின் உட்சுவர் முழுக்க நுண்குழாய்கள். ஒவ்வொன்றின் விட்டமும் ஏறத்தாழ 1 முதல் 3 மைக்ரான். கிருமிகளுக்கு அதுவே நல்ல பதுங்குகுழி. வேர்க்கால்வாயின் நடுவை நிரப்புவது கட்டா பெர்ச்சா என்ற மரப்பால் குச்சி. ரப்பருக்கு நெருங்கிய உறவு. அது தானாகச் சுவரில் ஒட்டாது. இடுக்குகளை மூடி நுண்குழாய்களுக்குள் புக வேண்டியது 'சீலர்' என்னும் பசைதான்.

அடைப்பதில் பல முறைகள். பல குச்சிகளைச் சூடின்றிப் பக்கவாட்டில் நெருக்குவது ஒன்று. குச்சியைச் சூட்டில் இளக்கி நுனி நோக்கி அழுத்துவது இன்னொன்று. இதை 1967இல் விளக்கி எழுதியவர் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹெர்பர்ட் ஷில்டர். ஒரே குச்சியும் சுற்றிலும் பயோசெராமிக் சீலருமாக அடைப்பது இப்போது பரவிவரும் முறை.

எதில் பசை அதிகம் புகும்? பசையில் சாயம் கலந்து, பிடுங்கிய பல்லை வில்லைகளாக அறுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். எல்லா ஆய்விலும் ஒரே முறை வெல்வதில்லை. ஆனால் பெரும்பாலும் ஒன்று பொது: ஈறுப் பக்கம் ஆழமாகப் புகும் பசை, வேர் நுனியில் குறைவாகவே புகுகிறது. அங்கே நுண்குழாய்களும் குறைவு, கழுவும் மருந்தும் எளிதில் எட்டாது.

கருவியால் தேய்க்கும்போது வரும் தூள் சுவரில் படிந்து துளைகளை மூடிவிடும். சோடியம் ஹைப்போகுளோரைட், ஈடிடிஏ கரைசல்களால் அதைக் கழுவி எடுத்தால்தான் பசைக்கு வழி. பழைய சுவரைத் துடைத்து நனைக்காமல் எந்தக் கொத்தனாராவது பூசுவாரா?

பசை ஆழமாகப் புகுந்தால் மட்டுமே பல் பிழைத்துவிடும் என்பதில்லை. உள்ளே சுத்தம் வேண்டும், மேலே கசியாத மூடியும் வேண்டும். ஆகவே மருத்துவர் நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தால் "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று அவசரப்படுத்தாதீர்கள். அந்த நேரம்தான் பல்லைக் காப்பாற்றுகிறது. நம் வயதில் ஒரு கடைவாய்ப்பல்லின் அருமை, அது போன பிறகு முறுக்கைக் கடிப்பவருக்குத்தான் தெரியும்.