"பெயர் வெளியிட வேண்டாம்" – புதுக் கட்டத்துக்குப் பின்னால் இருக்கும் வேலை



நவராத்திரி உபயப் பதிவு கவுண்டரில் தொடங்கியாச்சு. இந்த வருஷப் படிவத்தில் புதுசா ஒரு கட்டம் இருக்கும்: "என் பெயரை வெளியிட வேண்டாம்". இது எதுக்குன்னு நிறைய பேர் கேட்டாங்க. தொண்டூழியரா நான் கோயிலில் பார்க்கிறது கம்ப்யூட்டர் வேலை. அதனால நானே விளக்கமா எழுதிடறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

ஒரு உபயம் பதிவானா அந்த விவரம் 7 இடத்துக்குப் போகுது. ரசீது, குருக்கள் கையில் இருக்கும் சங்கல்பப் பட்டியல், ஆபீஸ் கோப்பு, அறிவிப்புப் பலகை, மண்டபத்து டிவி, வாட்ஸ்அப் குரூப், பிரசாதப் பட்டியல். மூல விவரம் எல்லாம் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கு. டப்பா ஒவ்வொண்ணுக்கும் சீட்டு ஒட்டி வைக்கிறோமே, எக்ஸ்எம்எல் அந்த மாதிரிதான்: இது பெயர், இது நட்சத்திரம், இது ராசி, இது கைபேசி எண். அதை எடுத்து அந்தந்த இடத்துக்கு ஏத்த வடிவில் மாத்தித் தர்ற மொழி எக்ஸ்எஸ்எல்டி. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1999-இல் அதை வெளியிட்டது. நமக்கு 7 வடிவம், அதனால 7 எக்ஸ்எஸ்எல்டி கோப்பு.

போன வருஷம் ஒரு அம்மா ஆபீஸுக்கு வந்தாங்க. மகனுக்கு உடம்பு சரியில்லைன்னு உபயம் எடுத்திருந்தாங்க. சொந்தக்காரங்களுக்குத் தெரிய வேண்டாம்னு கவுண்டரில் சொல்லி, குறிப்பும் போட்டாச்சு. பலகை, வாட்ஸ்அப், பிரசாதப் பட்டியல் மூணிலும் பெயர் மறைஞ்சிருந்தது. டிவியில் மட்டும் மகன் பெயரும் நட்சத்திரமும் ஓடிடுச்சு. அன்னிக்கு ராத்திரியே வீட்டுக்குப் போன் மேல போன். "சாமிகிட்ட மட்டும் சொல்லணும்னு நினைச்சேன் தம்பி"ன்னாங்க. அதுக்கு மேல அவங்க ஒண்ணும் பேசலை.

யாரையும் குறை சொல்ல இதை எழுதலை. டிவி கோப்பு பின்னாடி சேர்ந்தது. மறைக்கும் விதி மத்த கோப்புகளில் தனித்தனியா எழுதியிருந்தது. ஒரே விதியைப் பல இடத்தில் கையால எழுதினா, என்னிக்காவது ஒரு இடம் விட்டுப் போகத்தான் செய்யும்.

மென்பொருள் உலகத்துக்கு இது பழைய தலைவலி. 1997-இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தின் கிரெகோர் கிக்சாலெஸும் அவர் குழுவும் இதுக்கு ஒரு வழி எழுதினாங்க. பெயர் ஆஸ்பெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங். எல்லாப் பகுதியையும் ஊடறுத்துப் போகும் விதியைத் தனியா ஒரே இடத்தில் எழுது. அது எங்கெங்கே பொருந்தும்னு சொல், அதுக்குப் பேர் பாயிண்ட்கட். அங்கே என்ன செய்யணும்னு சொல், அதுக்குப் பேர் அட்வைஸ். உள்ளே நெய்து சேர்க்கிற வேலையை இயந்திரம் பார்த்துக்கும்.

நம்ம கோயில் வழக்கமே இதுதானே! ஒவ்வொரு சந்நிதியிலும் "செருப்பைக் கழற்றவும்"னு பலகை வைக்கிறதில்லை. ராஜகோபுர வாசலில் ஒரே தடவை. நாளைக்குப் புதுசா ஒரு சந்நிதி கட்டினாலும் அந்த விதி அங்கேயும் செல்லும்.

இதுக்கு ஜாவா மொழியில் ஆஸ்பெக்ட்ஜே என்ற கருவி இருக்கு. எக்ஸ்எஸ்எல்டியில் இன்னும் வசதி. எக்ஸ்எஸ்எல்டி கோப்பும் எக்ஸ்எம்எல் வடிவில்தான் எழுதப்படுது. அதனால ஒரு எக்ஸ்எஸ்எல்டி இன்னொரு எக்ஸ்எஸ்எல்டியைப் படிச்சுத் திருத்தி எழுத முடியும். நெய்யும் தறியைத் தனியா வாங்க வேண்டாம். "எங்கே"ன்னு சுட்டிக் காட்ட எக்ஸ்பாத் என்ற மொழி அதுக்குள்ளேயே இருக்கு.

இப்போ விதி ஒரே கோப்பில் இருக்கு. பெயரையோ நட்சத்திரத்தையோ கைபேசி எண்ணையோ அச்சிடும் வரி எங்கே இருந்தாலும், "வெளியிட வேண்டாம்னு குறி இருக்கா?"ன்னு முதலில் கேட்கும். இருந்தா பெயர் இடத்தில் "ஓர் அன்பர்"னு போடும், மத்ததை விட்டுடும். மீதி வரிகளை அப்படியே நகல் எடுக்கும். ரசீது, சங்கல்பப் பட்டியல், ஆபீஸ் கோப்பு மூணுக்கும் விலக்கு. அந்த விலக்கும் அதே கோப்பில் வெளிப்படையா எழுதியிருக்கு. நாளைக்கு எட்டாவதா ஒரு வடிவம் வந்தாலும், யாரும் ஞாபகம் வச்சுச் சொல்லாமலே அதுக்கும் விதி பொருந்தும்.

"பெயரை முதல்லேயே அழிச்சிட்டா போகாதா?"ன்னு ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா குருக்களுக்குப் பெயர் வேணுமே ஐயா, சங்கல்பம் எப்படிச் செய்வார்? பெயரோட ஒண்ணு, பெயர் இல்லாம ஒண்ணுன்னு இரண்டு பிரதி வச்சா, எதுக்கு எதைக் கொடுக்கணும்னு மறுபடி யாரோ ஞாபகம் வச்சுக்கணும்.

இந்த முறையிலும் ஆபத்து இருக்கு, மறைக்க மாட்டேன். விதி வேற இடத்தில் இருக்கிறதால, டிவி கோப்பைத் திறக்கிறவங்க கண்ணுக்கு அது தெரியாது. யாராவது "பெயர்" என்ற சீட்டை "உபயதாரர்"னு மாத்தினா, பாயிண்ட்கட் அதைக் கண்டுபிடிக்காது. பிழைன்னு சொல்லவும் சொல்லாது. சத்தமில்லாம பெயர் வெளியே போயிடும்.

அதனால மூணு காவல் போட்டிருக்கு. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் "இதில் வெளியிலிருந்து ஒரு விதி நெய்யப்படும்"னு குறிப்பு. நெய்யும்போது எத்தனை இடம் பொருந்துச்சுன்னு எண்ணி, விலக்கு இல்லாத கோப்பில் பூஜ்யம் வந்தா வேலையே நின்னுடும். கடைசியா, வெளியே போகும் பக்கத்தில் மறைக்க வேண்டிய பெயர் இருக்கான்னு தேடும், இருந்தா நிறுத்தும். நம்ம ஊரில் லட்சுமி எத்தனை பேர்! வேற லட்சுமிக்காகவும் சில நேரம் நிக்கும். அப்போ ஒரு ஆள் வந்து பார்த்து விடணும். அந்தத் தாமதம் பரவாயில்லை.

கவுண்டரில் உங்களுக்குக் கொடுத்த வாக்கு ஒண்ணுதான். அதை ஏழு பேரோட ஞாபகத்தை நம்பி விடக் கூடாது.

அதனால பெயர் வெளியே தெரிய வேண்டாம்னு நினைக்கிறவங்க தயங்காம அந்தக் கட்டத்தில் குறி போடுங்க. காரணம் யாரும் கேட்க மாட்டாங்க. எக்ஸ்எஸ்எல்டி தெரிஞ்ச தம்பி தங்கைகள் யாராவது இருந்தா ஆபீஸில் சொல்லுங்க. இந்த விதிக் கோப்பைப் படிச்சுப் புரிஞ்சுக்க என்னைத் தவிர இன்னும் இரண்டு பேராவது வேணும்.